நடுவில் இருப்பவர் பெயர் வரக்கூடாது

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆபீஸில் 'கவர்' என்று பெயர். முன்னால் பேசும்போது கவர் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் கவர். எனக்கு அவர் மாமா. என்னை அந்த ஆபீஸில் சேர்த்துவிட்டதே அவர்தான் என்பதால் நான் இரண்டு பக்கமும் மாமா என்றே சொல்லிக்கொள்கிறேன். வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலி. அதன் வலது கை உடைந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டால் யாருக்காவது சங்கடமாக இருக்குமாம்.

கவர் என்ற பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேற்கொண்டு நான் சொல்லப்போவது எதுவும் பிடிபடாது.

எங்கள் கம்பெனி லைன் கொடுக்கிற கம்பெனி. ஒருவருக்கு ஊரின் இந்தக் கோடியில் ஒரு கட்டிடம், அந்தக் கோடியில் ஒரு கட்டிடம் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதுபோலப் பேசிக்கொள்ள வழி செய்து தருவோம். அவர்கள் கட்டிடம் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை. தட்டையான இரும்புப் பெட்டி, முன்பக்கம் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு கேபிள், பச்சை விளக்குகள். நடுவில் எங்களுடைய ஸ்விட்சுகள் நாலைந்து. அவற்றுக்கு இடையில் ஓடுவதுதான் ட்ரங்க் லைன், நூறு வாடிக்கையாளர்களின் சரக்கு ஒன்றாகப் போகிற பெரிய கேபிள்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்துப் பெட்டிக்குக் குரல் கொடுக்கும்: நான் இன்னார், இத்தனாம் நம்பர் ஓட்டையில் இருக்கிறேன். பக்கத்துப் பெட்டி அதைக் கேட்டு, அக்கம்பக்கத்தார் பட்டியலில் பெயரை எழுதிக்கொள்ளும். ஆனால் அந்தக் குரல் அடுத்த பெட்டியோடு சரி. அதற்கு மேல் யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். ஆக, வாடிக்கையாளரின் ஒரு பெட்டி தன் கூட்டாளியைக் கூப்பிட்டால், நடுவில் இருக்கிற எங்கள் பெட்டி, கூப்பிட்டது தன்னைத்தான் என்று வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்துக் கூட்டாளிக்கு விஷயமே தெரியாது.

இதற்கு என்ன செய்வோம் என்பதை மாமா ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கவரை எடுத்துக் காட்டி விளக்குவார். "இதப் பிரிக்க மாட்டோம் சார். உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்க மாட்டோம். மேல இருக்கிற விலாசத்த மட்டும் இந்தக் கோடியில மாத்திடுவோம். மாத்துன விலாசத்தப் பாத்து எங்க பெட்டிங்க எதுவும் இது நமக்கு வந்ததுன்னு நினைக்காது, அப்படியே தள்ளி விட்டுடும். அந்தக் கோடிக்குப் போனதும் பழைய விலாசத்தத் திரும்பப் போட்டுக் குடுத்துடுவோம். உங்க ரெண்டு பெட்டியும் சுவத்துக்குச் சுவர் ஒட்டின வீடு மாதிரி நினைச்சுக்கும்." அந்தக் கவர் பல வருஷமாக ஒரே கவர். ஓரமெல்லாம் நைந்து, உள்ளே ஒன்றும் கிடையாது.

லைன் சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனைதான். வாடிக்கையாளரின் திரையில் அக்கம்பக்கத்தார் பட்டியலைத் திறக்கச் சொல்வார். அதில் அவர்களுடைய மற்றக் கட்டிடத்தின் பெயர் இருக்க வேண்டும். எங்கள் பெயர் இருக்கக் கூடாது. "நம்ம பேரு வரலையா? அப்ப லைன் ரெடி" என்று சொல்லிவிட்டு, மனிதர் மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வருவார். தன் பெயர் எங்கும் இல்லை என்பதற்காக இவ்வளவு பெருமைப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நடுவில் நாங்கள் இருப்பதே தெரியாததால், நடுவில் ஏதாவது கோளாறு வந்தால் இரண்டு கோடியும் ஒன்றையொன்று சந்தேகப்படும். ஒரு கண்ணாடிக் கம்பெனியில் இப்படித்தான் ஆனது. லென்ஸ் தேய்க்கிற பட்டறை ஒரு பக்கம், விற்கிற கடை ஒரு பக்கம். பட்டறையின் பெயர் கடையின் பட்டியலில் வருவதும் போவதுமாக இருந்தது. பட்டறையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவரும் கடையில் பார்க்கிறவரும் மூன்று வாரம் போனில் ஒருவரை ஒருவர் வறுத்தெடுத்தார்கள். கடைசியில் பார்த்தால், நிமிஷத்துக்கு இத்தனை குரலுக்கு மேல் எடுத்துப் போகாதே என்று எங்கள் பெட்டியில் மாமா வைத்திருந்த வரம்பு ரொம்பக் குறைச்சல். மிச்சத்தை எங்கள் பெட்டியே கீழே போட்டுக்கொண்டிருந்தது. மாமா மறுநாளே இரண்டு இடத்துக்கும் நேரில் போய், "தப்பு உங்க மேலயும் இல்ல, அவர் மேலயும் இல்ல. நடுவுல நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த இரண்டு பேரும் இப்போது ஒன்றாக டீ குடிக்கிறார்கள்.

ஆபீஸில் இப்படித் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிற மனிதர் வீட்டில் ஆறு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

வீட்டில் மூன்று பேர். கீழே மாமாவும் என் அக்காவும். மாடி அறையில் மாமாவின் அக்கா. அவர் ஸ்கூலில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வீடுதான், அந்த அறைதான். குழப்பம் வேண்டாம், அவரை நான் டீச்சர் என்றே சொல்கிறேன். என் அக்கா என்றால் மாமாவின் மனைவி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் ஆஜராகிவிடுவதால் என்னையும் சேர்த்து மூன்றரை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. டீச்சர் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தார். அக்கா கடைக்குப் போயிருந்தாள். மாடி அறையில் இன்டர்நெட் சரியாக எடுக்கவில்லை, டீச்சர் மார்க் ஏற்றுவதற்குள் கண் பூத்துப் போகிறது என்று மாமா கீழேயிருந்து ஒரு கேபிள் இழுத்துக் கொடுக்க நினைத்தார். சொல்லாமல் செய்து அசத்த வேண்டுமாம். கேபிள் வர வேண்டிய கிழக்குச் சுவரை அடைத்துக்கொண்டு டீச்சரின் இரும்பு பீரோ நின்றது. அறைக்குள் வேறு இடம் இல்லை. நானும் மாமாவும் தம் பிடித்துத் தூக்கி, வெளியே மாடிப்படி திரும்புகிற இடத்தில் வைத்தோம். துணிமணி உள்ளேயே இருந்தது. அன்றைக்குப் பிடித்த இடுப்பு எனக்கு இன்னும் குளிர்காலத்தில் சொல்லிக் காட்டுகிறது.

வைத்ததும் மாமா பையிலிருந்து வெள்ளை லேபிள் டேப்பை எடுத்தார். எங்கள் ஆபீஸில் எந்தப் பெட்டியை இடம் மாற்றினாலும் அதன் முதுகில் லேபிள் ஒட்டியாக வேண்டும்: எங்கிருந்து, எங்கே, நிரந்தரமா தற்காலிகமா, தேதி, மாற்றிய ஆட்களின் ஆபீஸ் நம்பர். கை பழக்கம். பீரோவின் முதுகிலும் எழுதி ஒட்டினார். "வீட்டு பீரோவுக்கு எதுக்கு மாமா?" என்றேன். "இருக்கட்டும்டா" என்றார். பிறகு பீரோவின் முதுகைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினோம். கேபிளுக்கு ஓட்டை போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அப்போது போன் அடித்தது. ட்ரங்க் லைன் அறுந்துவிட்டது, நூறு வாடிக்கையாளர் இருட்டில். போட்டது போட்டபடி ஓடினோம்.

மூன்று மணிக்கு டீச்சர் வந்து, தன் பீரோ அறைக்கு வெளியே நிற்பதைப் பார்த்திருக்கிறார். நாலு மணிக்கு அக்கா வந்து, டீச்சர் பீரோவை அறைக்கு வெளியே எடுத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். பிறந்த வீட்டிலிருந்து என் சாமானை வெளியே தள்ளிவிட்டாள் என்று அவர். எனக்குச் சொல்லாமல் மூட்டை கட்டுகிறார், அவ்வளவு வெறுப்பு என்று இவள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் நாங்கள் வந்தபோது இரண்டு கதவும் சாத்தியிருந்தன.

மாமா சொல்லத்தான் வாயைத் திறந்தார், அதற்கு நான் சாட்சி. அக்கா முந்திக்கொண்டாள். "உங்க அக்காவுக்கு வக்காலத்து வாங்கிட்டு வராதீங்க. வெளிய வச்சாங்கல்ல, அங்கயே இருக்கட்டும்." மாமா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். சரி, கோபம் ஆறட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்றார். மறுநாள் ஞாயிறு, விடுமுறையில் எதற்கு என்றார். ஒரு வாரம் கழித்து, இப்போது சொன்னால் ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்றார். நான் மட்டும் என்ன யோக்கியம்? "நீங்க சொன்னா நானும் சொல்றேன் மாமா" என்று நழுவினேன். என்னையும் சேர்த்தே திட்டுங்கள்.

பீரோவை யாரும் தொடவில்லை. தொடுகிறவர் தோற்றவர் என்று ஆகிவிட்டது. டீச்சர் தினமும் காலையில் படித் திருப்பத்தில் வந்து துணி எடுத்துக்கொண்டு போனார். பென்சில் குறி இருந்த இடத்தில் ஆணி அடித்து காலண்டர் மாட்டினார். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு போகப் பழகினோம்.

பேச்சுவார்த்தை முழுக்க மாமா வழியாகப் போனது. ஆபீஸில் கவரைப் பிரிக்காத மனிதர் வீட்டில் ஒவ்வொரு கவரையும் பிரித்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, சொந்தச் சரக்கைப் போட்டார். "மோட்டாரப் போட்டுட்டு தூங்கிடறாங்க, தண்ணி ரோடு வரைக்கும் ஓடுது, கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?" என்று அக்கா கீழே கத்துவாள். மாமா மேலே போய், "அக்கா, டேங்க் நிரம்பிடுச்சாம். உனக்கெதுக்கு சிரமம்னு அவளே நிறுத்திட்டா" என்பார். "அந்த உப்புக்கு மாடு கூட வாய் வைக்காது" என்பார் டீச்சர். மாமா கீழே வந்து, "சாப்பாடு பிரமாதமாம்" என்பார். விளைவு என்னவென்றால், ஆறு வருஷமும் தண்ணீர் ரோடு வரைக்கும் ஓடியது, சாப்பாட்டில் உப்பு கரித்தது. நானும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டேன்.

போன வருஷம் டீச்சர் மாமாவைக் கூப்பிட்டு, ஸ்கூல் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். "அடுத்த மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லியிருக்கேன். அவகிட்ட சொல்லிடு." மாமாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அம்மா போனபிறகு அவரை வளர்த்து, படிக்க வைத்தது டீச்சர்தான். மறுநாள் மத்தியானம் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, "அவ போயிட்டா என்னால முடியாதுடா" என்று என்னிடம் வாய்விட்டே சொன்னார். செய்தியை அக்காவிடம் கொடுக்கவில்லை. எப்படியாவது பேசி நிறுத்திவிடலாம் என்று வைத்துக்கொண்டார்.

பேச முடிந்தால்தானே? தினமும் இரண்டு காதில் இரண்டு போன், வீட்டில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் அஞ்சல் சேவை. குரல் கரகரத்து, தேய்ந்து, டாக்டரிடம் போனால் தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இருபத்தொரு நாள் ஒரு சொல் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. மாமா ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'தலையாட்டலாமா?' தாராளமாக ஆட்டலாம் என்றார் டாக்டர். டீச்சரின் வண்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை, கணக்குப்படி பதின்மூன்றாம் நாள்.

முதல் இரண்டு நாள் வீட்டில் நிசப்தம். மூன்றாம் நாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த மோட்டார..." என்று ஆரம்பித்தாள். மாமா தொண்டையைத் தொட்டுக் காட்டி, தாளையும் பேனாவையும் நீட்டினார். அவள் எழுதினாள், மடித்தாள். மாமா மேலே 'அக்காவுக்கு' என்று எழுதி, ஒருக்களித்து ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் படித்தார், பதில் எழுதினார், மடித்தார். மாமா அதன் மேல் 'அவளுக்கு' என்று எழுதி இறங்கினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, பிரிக்காமல் ஒரு கவர் போய்ச் சேர்ந்தது.

அக்கா படித்தாள். சத்தமாகவே படித்தாள். "'மோட்டார் இனி நிறுத்துகிறேன். முன்பே சொல்லியிருக்கலாம். உப்பு ஜாஸ்தி. ஆறு வருஷமாக ஜாஸ்தி.'" மாமாவைப் பார்த்தாள். "பிரமாதம்னு சொன்னீங்க?" மாமா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அன்று முதல் அந்தத் தொண்டை அவருக்கு நிறைய உதவியது.

மறுநாள் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. நான் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன். மோட்டார் நேரத்துக்கு நின்றது. ஒரு வாரம் சீட்டுகள் போய்வந்தன. சில சீட்டுகளில் இரண்டு வரி கூடுதலாகக்கூட இருந்தது. டீச்சருக்கு முழங்கால் வலி என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கடையிலிருந்து தைலம் வாங்கி வந்து சீட்டோடு கொடுத்து அனுப்பினாள். மாமா முகம் தெளிந்திருந்தது. நான்தான் ஒவ்வொரு சீட்டையும் பயந்துகொண்டே பார்த்தேன். உள்ளதை உள்ளபடி கொண்டுபோகிற லைனில் பீரோ எத்தனை நாளைக்கு வராமல் இருக்கும்?

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், மேலேயிருந்து ஒரு சீட்டு வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா நின்றுகொண்டு பிரித்தாள், உட்கார்ந்துகொண்டு முடித்தாள்.

"'தம்பி சொல்லியிருப்பான். நாளை காலை பத்து மணிக்கு வண்டி வருகிறது. பீரோ போய்விடும். மாடிப்படி உனக்கு இனி இடைஞ்சல் இல்லாமல் இருக்கும்.'" என்னிடம் திரும்பினாள். "போறாங்களாடா? நாளைக்கா? உனக்குத் தெரியுமா?" நான் தட்டைப் பார்த்தேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தைலம் குடுத்தேனேடா" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பேனாவைப் பிடுங்கி, சொல்லிக்கொண்டே எழுதினாள்: "'பீரோவை நீங்களே வெளியில் வைத்தீர்கள். நீங்களே எடுத்துப் போகிறீர்கள். நான் அன்றைக்கும் ஒன்றும் செய்யவில்லை, இன்றைக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை.'" மடித்தாள்.

மேலேயிருந்து வந்த சீட்டைக் கொடுத்துவிட்டு மாமா கொல்லைப்பக்கம் போயிருந்தார், அவர் காதில் எதுவும் விழவில்லை. உள்ளே வந்து, வாங்கி, 'அக்காவுக்கு' என்று எழுதினார். நான் கையைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே ஓடி, படித் திருப்பத்தில் பிடித்தேன். உள்ளே இருப்பதைக் காதோடு சொன்னேன். "இது மேல போச்சுன்னா டீச்சர் கேப்பாங்க, 'நானா வச்சேன்?'னு. அவ்வளவுதான், எல்லாம் அம்பலம். கிழிச்சுப் போடுங்க மாமா. நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும். போறவங்க எப்படியும் போகத்தான் போறாங்க."

இதை நான் சொன்னேன். மறைக்கவில்லை.

மாமா சீட்டைப் பார்த்தார். மேலே டீச்சர் அறையைப் பார்த்தார். பிறகு சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்து, மறுபக்கத்தைக் கண்ணால் காட்டினார். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. "மாமா, வேணாம்" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. எனக்கும் ஆறு வருஷமாக அந்த பீரோவைத் தாண்டிப் போய் அலுத்திருந்தது. பிடித்தேன்.

இரும்பு, தரையில் தேய்ந்து போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும். மேலேயிருந்து டீச்சர் வந்தார். கீழேயிருந்து அக்கா வந்தாள். பீரோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒட்டடைக்கு நடுவில் லேபிள், புத்தம் புதுசாக. மாமா பையிலிருந்து சீட்டை எடுத்து முறைப்படி டீச்சர் கையில் கொடுத்தார். அவர் படித்து நிமிர்ந்து, "நானா வச்சேன்?" என்று ஆரம்பித்ததும், மாமா லேபிளைச் சுட்டிக் காட்டினார்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தார். "எங்கிருந்து: அக்கா அறை, கிழக்குச் சுவர். எங்கே: மாடிப்படித் திருப்பம். தற்காலிகம்." நிறுத்தினார். தேதியை வாசித்தார். "மாற்றியவர்: இருபத்தேழு, நாற்பத்தொன்று."

இருபத்தேழு யார் என்று அக்காவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நம்பர் தைத்த சட்டைகளைக் கல்யாணமானதிலிருந்து துவைக்கிறாள். "நாப்பத்தொண்ணு யாரு?" என்றாள். சாப்பிட்ட கையை நான் தூக்கினேன். "பாவி. கூடப் பிறந்துட்டு, என் சோத்த தின்னுகிட்டு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அழுதுவிட்டாள். "ஆறு வருஷமா இந்த வீட்டுல நான் கெட்டவளாவே நடமாடியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லலையே நீங்க."

டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார். "இத ஒரு பொம்பள தனியா தூக்க முடியுமான்னு நான் ஒரு நாளாவது யோசிச்சேனா?" என்றார், யாரிடமும் இல்லாமல். "முப்பது வருஷமா கணக்கு சொல்லித் தர்றேன்." பிறகு அக்காவைப் பார்த்து, ஆறு வருஷத்தில் முதல் முறையாக நேராக, "நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"நீங்க கேட்டிருக்கலாமே அண்ணி."

"கேட்டிருக்கலாம்."

அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். படி குறுகல், இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. மாமா பேனாவை எடுத்து உள்ளங்கையில் தாளை வைத்து எழுதப் போனார். டீச்சர் தடுத்தார். "எழுதாத. இதெல்லாம் எழுதக்கூடாது. வாய் வந்தப்புறம் வாயால சொல்லு."

டீச்சர் தங்கிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். மாமா அன்று சாயங்காலமே பீரோவைக் கிழக்குச் சுவருக்குக் கொண்டுபோக என்னைக் கூப்பிட்டார். டீச்சர் வேண்டாம் என்றார். "வீடு பாத்தாச்சுடா. பால்காரர்கிட்டகூட சொல்லியாச்சு. ஸ்கூலுக்கு அஞ்சு நிமிஷ நட, என் முழங்காலுக்கு நல்லது." மாமா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். டாக்டர் அனுமதித்ததை எல்லாம் ஆட்டிப் பார்த்தார். "கோவமெல்லாம் போயிடுச்சு. ஆனா ஆறு வருஷமா மனசு கிளம்பிக் கிளம்பி, எப்பவோ போய்ச் சேந்துடுச்சு. சாமான்தான் பாக்கி" என்றார் டீச்சர். அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதால் மாமாவுக்கு இன்னும் தாங்கவில்லை. பீரோவில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதார். சத்தம் போட்டு அழவும் அவருக்கு அனுமதி இல்லை.

ஞாயிறு பத்து மணிக்கு வண்டி வந்தது. அக்கா கடைக்கு லீவு சொல்லிவிட்டு, இடுப்பில் துணியைச் சொருகிக்கொண்டு டீச்சரோடு ஏறினாள். அங்கே யார் அடுக்கித் தருவார்கள், பாவம் அண்ணி, ஒண்டி ஆள் என்றாள். மாமாவும் செருப்பைப் போட்டார். "நீ வேணாம். நீ வந்தா எத எங்க வச்சேன்னு சொல்ல மாட்ட" என்றார் டீச்சர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். நானும் மாமாவும் வாசலில் நின்றோம்.

இருபத்தொன்றாம் நாள் டாக்டர் பேசச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பேச மாட்டேன் என்று ஜாடை காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். முதல் வார்த்தை டீச்சருக்குத்தான் என்று வைத்திருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று பக்கத்துக்கு எழுதிப் பார்த்து, அடித்து, மறுபடி எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். ஹாலில் உட்கார்ந்து போனைப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"அக்கா" என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது, புதுசாக. "அக்கா, அந்த பீரோவ நான்தான்..."

"அட, குரல் வந்துடுச்சா? நல்லா இருக்குடா, சின்ன வயசுல இருந்த மாதிரியே இருக்கு" என்றார் டீச்சர். "பீரோ கதையெல்லாம் நேர்ல வந்து சொல்லு, ஒரு நாள் பூரா உக்காந்து கேக்கறேன். இப்ப போன அவகிட்ட குடு. அடுப்புல வச்சுட்டு நிக்கறேன், எவ்வளவு உப்புன்னு கேக்கணும்."

மாமா போனை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தார். அவர்கள் நாற்பது நிமிஷம் பேசினார்கள். ஏதாவது எடுத்துப் போய்ச் சொல்ல வேண்டியிருக்குமோ என்று மாமா கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றார். ஒன்றும் வரவில்லை. பிறகு மாடிக்கு ஏறினார். படித் திருப்பத்தில் இப்போது எதுவும் கிடையாது, தாராளமாக இரண்டு ஆள் போகலாம். அவர் உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் ஏறினார்.